மீத்திறன் பிள்ளையின் அடைவுத் தேர்வு ரிப்போர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து ரிப்போர்ட் எழுதித் தருவது என் வேலை. கோபி, பவானி, பெருந்துறை, சென்னிமலை, காங்கயம், தாராபுரம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். மஞ்சள் மண்டிக்கு வந்த கையோடு பிள்ளையைக் கூட்டி வருபவர்கள் உண்டு. பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. ரிப்போர்ட்டை வாங்கியதும் பெரிய எண் எது என்றுதான் கண் முதலில் தேடும். அதைப் பார்த்துச் சிலர் கலங்கிப் போகிறார்கள். சிலர் அன்று மாலையே கோச்சிங் சென்டரில் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அதற்காகத்தான், வயதை மிஞ்சிய திறமை உள்ள மீத்திறன் பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அடைவுத் தேர்வும் ஐ.க்யூ டெஸ்ட்டும் ஒண்ணுதானுங்களா?

இல்லைங்க. புதிதாக ஒன்றை முன்னால் வைத்தால் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பது ஐ.க்யூ டெஸ்ட். இதுவரை படித்ததில் எது கைவசம் ஆகியிருக்கிறது என்று பார்ப்பது அடைவுத் தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். காட்டின் மண் எப்படி என்பது ஒரு கேள்வி, இந்தப் போகத்தில் எத்தனை மூட்டை வீடு வந்தது என்பது வேறு கேள்வி. அப்படித்தான் இதுவும்.

பள்ளியில் நடக்கும் பருவத் தேர்வும் ஒரு வகையில் அடைவுத் தேர்வுதான். ஆனால் அது அந்தப் பருவத்துப் பாடத்தை மட்டும் கேட்கும். தரப்படுத்திய தேர்வு என்பது ஒரே வயதுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வைத்துப் பார்த்து, அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பது. உங்கள் பிள்ளையின் விடைகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் எண் போடுகிறோம்.

98 பெர்சன்டைல்னு போட்டிருக்குதுங்க. அந்த ரெண்டு மார்க் எங்கங்க போச்சு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பெர்சன்டைல் மார்க்கே கிடையாது. அது ஒரு இடம். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், உங்கள் மகளுக்குக் கீழே சுமார் 98 பேர் நிற்கிறார்கள் என்று பொருள். அவள் அறுபது கேள்வியில் நாற்பதுக்குத்தான் சரியாகப் பதில் எழுதியிருப்பாள். ஆனாலும் 98 வரும், ஏனென்றால் மற்றவர்கள் அதைவிடக் குறைவாக எழுதியிருப்பார்கள். நம் ஊரில் 35 வாங்கினால் பாஸ் என்று பழகியிருப்பதால், 50 பெர்சன்டைல் என்றதும் முகம் வாடிவிடுகிறது. 50 என்றால் வரிசையின் நட்டநடுவில் நிற்கிறாள், வயதுக்குச் சரியாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ ஜே.இ.இ மெயின் எழுதியிருந்தால் இது சுலபமாகப் புரியும். 2019 முதல் அங்கே பெர்சன்டைலில்தான் முடிவு வருகிறது. ஒரு ஷிப்டில் முதலாவதாக வந்தவருக்கு 300-க்கு 300 இல்லாவிட்டாலும் 100 பெர்சன்டைல் கிடைக்கும். எதிரில் எழுதியவர்களைப் பொறுத்த எண் அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெர்சன்டைலில் படிகள் ஒரே உயரமாக இருக்காது. நடுவில் கூட்டம் நெருக்கமாக நிற்பதால், கூட இரண்டு மூன்று கேள்வி சரியானாலே 50 என்பது 60 ஆகிவிடும். மேலே போகப் போகக் கூட்டம் குறைவு. 98-க்கும் 99.9-க்கும் நடுவே இருக்கும் தூரம் அதைவிட மிக அதிகம். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் என்று வையுங்கள். 98-க்கு மேலே இருக்கும் பிள்ளை ஏறக்குறைய வகுப்புக்கு ஒன்று இருக்கும். 99.9-க்கு மேலே இருக்கும் பிள்ளை ஆயிரத்தில் ஒன்று. வருஷத்துக்கு ஒரு வகுப்பு என்று இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய டீச்சரின் கையில் அப்படி ஒரு பிள்ளைதான் வந்திருக்கும். ‘எல்லாம் 98, 99தானே, வித்தியாசம் என்ன’ என்று பள்ளியில் சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பக்கத்துலயே ‘ஸ்டாண்டர்டு ஸ்கோர் 130’னு இருக்கே, அது என்ன?

அதே இடத்தை வேறு அளவில் சொல்வது. சராசரியை 100 என்று வைத்துக்கொள்வார்கள். 15 புள்ளி ஒரு படி. 115 என்றால் 84 பெர்சன்டைல், 130 என்றால் 98, 145 என்றால் 99.9. இதில் படிகள் சமமாக இருப்பதால், இரண்டு பாடங்களை ஒப்பிடவோ இரண்டு வருஷத்தை ஒப்பிடவோ பெர்சன்டைலை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘124–136’ என்று ஒரு இடைவெளியும் அச்சாகியிருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எந்தத் தேர்விலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. அன்றைக்குத் தூக்கம் எப்படி, காலையில் பிள்ளை சாப்பிட்டதா, பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு வந்ததா என்று எல்லாம் சேரும். பிள்ளையின் உண்மையான நிலை அந்த இடைவெளிக்குள் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘கட்-ஆஃப் 130, இவனுக்கு 128, அதனால் இவன் மீத்திறன் பிள்ளை இல்லை’ என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த இடைவெளியைப் படிக்கவில்லை.

யாரோட ஒப்பிட்டு இந்த நம்பர் போட்டாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வந்தவர்களில் நாலைந்து பேர்தான் கேட்டிருப்பார்கள்.

மஞ்சள் போட்டவர்களுக்குத் தெரியும், விரலியை விரலியோடுதான் வைத்து விலை பேசுவார்கள், கிழங்கைக் கிழங்கோடு. தேர்வும் அப்படித்தான். அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த தேர்வாக இருந்தால் கணக்கில் இன்ச்சும் பவுண்டும் டாலரும் வரும், பாடம் வரும் வரிசையும் வேறாக இருக்கும். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாசிப்புத் தேர்வு வைத்தால், அது வாசிப்பைப் பாதியும் ஆங்கிலத்தைப் பாதியும் அளக்கும். நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் ஏராளம். திருப்பூரில் இப்போது இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. எந்த மொழியில் தேர்வு வைத்தார்கள், வீட்டு மொழி என்ன என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பட்டியல் எந்த வருஷத்தது என்பதும் முக்கியம். ஐ.க்யூ பக்கம் 1969-இல் வந்த மாலின் அளவுகோலையும், அதற்கும் முந்தைய பினே-கமத் தேர்வையும் இன்னும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் இந்த வகைத் தேர்வுகளைக் கூடுதலாகச் செய்துவந்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குச் சுமார் 3 புள்ளி என்று ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1980-களில் காட்டினார். அதனால் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளைக்கு எண் கூடுதலாகவே வரும். 140 என்று பார்த்துவிட்டுச் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போடும் முன், தேர்வின் பெயரையும் வருஷத்தையும் பாருங்கள்.

நாலாவது படிக்கிற பையனுக்கு ‘கிரேடு ஈக்விவலன்ட் 8.2’ன்னு வந்திருக்கு. எட்டாவதுல சேர்த்துடலாமுங்களா?

வேண்டாம். ரிப்போர்ட்டிலேயே ஆளைத் தவறான வழியில் இழுத்துப்போகும் எண் இதுதான். என் ரிப்போர்ட்களில் இதை அச்சிடுவதையே விட்டுவிட்டேன்.

இதே தேர்வை எட்டாம் வகுப்பில் இரண்டாவது மாதத்தில் இருக்கும் ஒரு சராசரிப் பிள்ளை எழுதினால் எத்தனை சரியாகுமோ, உங்கள் பையனுக்கும் அத்தனை சரியாகியிருக்கிறது. 8.2 சொல்வது அவ்வளவுதான். நாலாம் வகுப்புக் கூட்டல் கழித்தல், பின்னம், அளவைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். இயற்கணிதம் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்று அவனுக்குத் தெரியும் என்று இந்த எண் எப்படிச் சொல்லும்? நாலாம் வகுப்புக் கணக்கை அவன் தப்பில்லாமல் முடிக்கிறான், அங்கே அவனுக்குக் கற்க இனி ஒன்றும் பெரிதாக இல்லை. இந்தச் செய்தி மட்டும் அதில் இருக்கிறது. அதுவே பெரிய செய்திதான்.

டபுள் பிரமோஷன் பற்றி ஒரு வார்த்தை. திறமையான பிள்ளையை ஒரு வகுப்பு முன்னால் தள்ளினால் கெட்டுப்போவான் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. இதைப் பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நன்மையைத்தான் காட்டியிருக்கின்றன. ஆனால் நம் ஊர் நடைமுறையில் வேறு முட்டுக்கட்டை உண்டு. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றால், சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீட் எழுதிச் சேர முடியாது. இரண்டு வருஷம் முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அதைவிட, கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரட்டும் என்று பள்ளியிடம் கேட்பது சுலபம். சின்னப் பள்ளிகள் இதற்குச் சீக்கிரம் ஒத்துக்கொள்கின்றன. டைம்டேபிள் மட்டும் கூடிவர வேண்டும்.

ஸ்கூல்ல எல்லாப் பரீட்சையிலும் நூத்துக்கு நூறு. அப்புறம் எதுக்குங்க இந்தத் தேர்வு?

ஐந்து கிலோ வரைக்கும் காட்டும் தராசில் ஏழு கிலோவை வைத்தாலும் முள் ஐந்தில்தான் நிற்கும். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பரீட்சை செய்வது அதைத்தான். தாள் எங்கே முடிந்தது என்று தெரியும். பிள்ளை எங்கே முடிகிறது என்று தெரியாது.

ஒரு பையன் வந்தான், எட்டு வயது. மூன்றாம் வகுப்புக்கான கணக்குப் புத்தகத்தை வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை, ஒன்றுக்குக்கூட ஒரு நிமிஷம் ஆகவில்லை. கால் இரண்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் அட்டை வந்துவிட்டது. “அவ்ளோதானாக்கா?” என்று அட்டைக்குப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் விளையாட விட்டுவிட்டு ஆறாம் வகுப்புக்கானதை எடுத்து வைத்தேன். நாலாவது கேள்வியில் காலாட்டம் நின்றது. ஒரு விடையை அழித்தான், மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். பத்தில் ஆறுதான் சரி. வெளியே வந்ததும் அவன் அம்மாவிடம் சொன்னது: “ரெண்டாவது புக்குதாம்மா நல்லா இருந்துச்சு.”

முதல் புத்தகத்தில் வந்த 99-ஐவிட இரண்டாவதில் வந்த ஆறுதான் அவனுக்கு என்ன பாடம் கொடுப்பது என்று எனக்குச் சொன்னது. இப்படி மேல் வகுப்புத் தேர்வை வைத்துப் பார்ப்பதை மேல்நிலைச் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழி ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரியில் சேரப் போகிறவர்கள் எழுதும் சாட் கணிதத் தேர்வை 1972-இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார். தங்கள் வகுப்புத் தேர்வில் ஒரே உயரத்தில் தெரிந்த பிள்ளைகள், இந்தத் தேர்வில் மேலும் கீழுமாகப் பரந்து நின்றார்கள்.

உங்கள் பிள்ளைக்கு எல்லாப் பகுதியிலும் 99 என்று வந்திருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “தேர்வு முடிஞ்சு போச்சா, இல்ல என் பிள்ளைக்குத் தெரிஞ்சது முடிஞ்சதா?”

கணக்குல 99, எழுத்துல 21. ரெண்டும் ஒரே பிள்ளையுதுங்களா?

ஆமாம், ஒரே பிள்ளையுதுதான். இந்த மாதிரி ரிப்போர்ட்டைத்தான் நான் அதிக நேரம் வைத்துப் பார்ப்பேன்.

ஒரு பெண்பிள்ளை, ஒன்பது வயது, அப்பா தறி ஓட்டுகிறார். 47-ஐ 53-ஆல் பெருக்கச் சொன்னேன். கூரையைப் பார்த்தாள். “2491.” எப்படி என்று கேட்டேன். “அம்பதுல மூணு கம்மி, அம்பதுல மூணு ஜாஸ்தி. அம்பது அம்பது ரெண்டாயிரத்து ஐநூறு. மூமூணு ஒம்பது போச்சுன்னா அவ்ளோதான்.” யாரும் சொல்லித் தராதது அது. அப்புறம், பார்த்த ஒரு திருவிழாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். பென்சிலைச் சீவினாள். மறுபடி சீவினாள். மூன்றாவது தடவையும் சீவிவிட்டு, “வாயில சொல்லட்டுமா மிஸ்?” என்றாள். சென்னிமலைத் தேரைப் பற்றி வாயால் சொன்னபோது தேர்வடம் கையில் உரசிச் சிவந்தது வரைக்கும் சொன்னாள். தாளில் இருந்தது ஒன்றரை வரி, அதில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன.

அவளுக்குக் கணக்கில் ஸ்டாண்டர்டு ஸ்கோர் 138, எழுத்தில் 88. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் 113. ‘சராசரிக்குக் கொஞ்சம் மேல், கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று ஆகிவிடும். பள்ளியும் அப்படித்தான் நினைத்திருந்தது. கணக்கில் வழிமுறை எழுதவில்லை என்று பாதி மார்க், தமிழில் சோம்பேறி என்ற பெயர். கணக்குத் திறமை எழுத்துச் சிரமத்தை மூடிவிட்டது, எழுத்துச் சிரமம் கணக்குத் திறமையை மூடிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், மொத்த ஸ்கோரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பகுதி பகுதியாகப் பாருங்கள். இரண்டு பகுதிகளுக்கு நடுவே இருபது புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் ‘ஏன்’ என்று கேளுங்கள்.

வாசிப்பிலோ எழுத்திலோ கற்றல் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும். ‘கணக்குல இவ்வளவு கெட்டிக்காரிக்கு எதுக்குச் சலுகை’ என்று கேட்பார்கள். காலில் அடிபட்டவன் நன்றாகப் பாடுவான் என்பதற்காகக் கட்டுப் போடாமல் விடுவோமா?

ராமானுஜன் பிறந்தது நம் ஈரோட்டில், 1887 டிசம்பர் 22, அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். வளர்ந்தது கும்பகோணம். அங்கே 1904-இல் கணிதப் பரிசு கொடுத்த தலைமை ஆசிரியர், முழு மார்க்குக்கும் மேலே கொடுக்க வேண்டிய பிள்ளை என்று சொன்னார். அதே பிள்ளை கல்லூரிக்குப் போய், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று ஸ்காலர்ஷிப்பை இழந்தார். சென்னைக்குப் போயும் எஃப்.ஏ (அந்தக் காலத்து இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு) தேறவில்லை. மேலே சொன்ன இரண்டு விஷயமும், தராசு போதாததும் சராசரி மறைத்ததும், அந்த ஒரே வாழ்க்கையில் இருக்கின்றன.

ஐ.க்யூ 135ங்கறாங்க, ஆனா கிளாஸ்ல எழுபதைத் தாண்டறதில்லை. பையன் ஏமாத்தறானா?

ஏமாற்றுகிறான் என்று தொடங்காதீர்கள். தரப்படுத்திய அடைவுத் தேர்வில் என்ன வந்தது என்று முதலில் பாருங்கள். அங்கே 98, பள்ளியில் 70 என்றால், அவனுக்குப் பாடம் தெரியும். வீட்டுப்பாடம் வைக்காததற்கும், தெரிந்ததையே இருபது தடவை எழுத மறுப்பதற்கும் போன மார்க் அது. அங்கேயும் குறைவு என்றால் கதை வேறு. பார்வை, காது, கற்றல் சிரமம், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டம், வகுப்பில் யாராவது சீண்டுவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண் டாக்டரிடம் காட்டியதோடு தீர்ந்த கதைகளும் உண்டு.

போன வருஷம் 99, இந்த வருஷம் 94. இறங்கிட்டானுங்களே?

ஸ்டாண்டர்டு ஸ்கோரில் பாருங்கள். 135 இருந்தது 124 ஆகியிருக்கும். இரண்டு தேர்வுக்கும் உள்ள ஆட்டத்தைச் சேர்த்தால் அதில் பாதி போய்விடும். முதல் தடவை உச்சத்தில் வந்த எண் இரண்டாம் தடவை கொஞ்சம் நடுவைப் பார்த்து இறங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. இன்னொரு காரணம், வரிசை புதிதாகிறது. ஐந்து வயதில் வீட்டில் யாராவது சீக்கிரம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளை முன்னால் நிற்கும். எட்டு வயதில் மற்றவர்களும் வாசிக்கக் கற்றுக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

மூன்று தேர்வில் தொடர்ந்து இறங்கினாலோ, ஒரே பகுதி மட்டும் சரிந்தாலோ வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

என்.எம்.எம்.எஸ்., ஊரகத் திறனாய்வுத் தேர்வு மார்க்கை வெச்சுப் பிள்ளையோட திறமையச் சொல்ல முடியுங்களா?

கொஞ்சம் சொல்லலாம். எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் இரண்டு தாள். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். இந்த இரண்டு தாளின் மார்க்கையும் தனித்தனியாகப் பாருங்கள். மனத்திறனில் நிறைய, பாடத்தில் குறைவு என்றால் பிள்ளைக்கு யோசிக்க வருகிறது, பாடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. மறுபடி மண்ணும் விளைச்சலும் கதைதான்.

ஆனால் தேர்வாகவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு ஊரகத் திறனாய்வுத் தேர்வில் ஒரு மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண் என்றுதான் எடுக்கிறார்கள். இடம் எத்தனை, எழுதியவர்கள் எத்தனை என்பதைப் பொறுத்து கட்-ஆஃப் ஏறி இறங்கும். இடத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வு அது. பிள்ளைக்கு எங்கே பலம், எங்கே சிரமம் என்று சொல்ல வைக்கும் தேர்வு வேறு.

ஸ்கூலுக்கு வந்து தேசிய அடைவு ஆய்வுன்னு எழுத வெச்சாங்க. எங்க பிள்ளை மார்க் எப்ப வரும்?

வராது. அது மாவட்டமும் மாநிலமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வு. 2021-இல் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு நடந்தது, 2024 டிசம்பரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. தனிப் பிள்ளைக்கு ரிப்போர்ட் கிடையாது.

விரல்ரேகை பார்த்தே திறமை சொல்றாங்களே, அதுக்கு இது எதுக்கு?

அதில் பணம் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கருவில் இருக்கும்போதே விரல்ரேகை அமைந்துவிடுகிறது. அதற்கும் பிள்ளைக்குப் பின்னம் புரிவதற்கும் சம்பந்தம் உண்டு என்று அறிவியல் காட்டவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கிறேன் என்ற ‘நடுமூளை’ வகுப்பும் அப்படியேதான். ஏழு ஆயிரம், பதினைந்தாயிரம் என்று கட்டிவிட்டு, வண்ண வண்ணமாக அச்சடித்த முப்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுவாட்டுக் காசு அது.

தேர்வு வைப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, சிறப்புக் கல்வியாளரா என்று கேளுங்கள். பதிவு எண் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். கற்றல் குறைபாடு சந்தேகம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். சான்றிதழுக்கு எப்படியும் அரசு பக்கம்தான் போக வேண்டும்.

பள்ளிகளில் பணம் கட்டி எழுதும் ‘ஒலிம்பியாட்’ மெடலையும் கொண்டு வருகிறார்கள். பிள்ளை சந்தோஷப்பட்டால் எழுதட்டும். ஆனால் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் கணித ஒலிம்பியாட் வேறு. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அந்தத் திட்டத்தை நடத்துகிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய கணக்குப் பைத்தியங்களுக்கு அதன் பழைய வினாத்தாள்கள் நல்ல தீனி.

பிள்ளைகிட்ட மார்க்கைச் சொல்லலாமுங்களா? ஒறம்பரை எல்லாம் கேக்கறாங்க.

எண்ணைச் சொல்ல வேண்டாம், செய்தியைச் சொல்லுங்கள். “கண்ணு, கணக்குல உனக்கு இனிமே கொஞ்சம் பெரிய வேலையாத் தரணும்னு சொல்லியிருக்காங்க. எழுதறதுக்கு மட்டும் கை இன்னும் பழகணுமாம், நாம சேர்ந்து பண்ணலாம்.” எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். பன்னிரண்டு வயதுக்கு மேல் கேட்டால் தாளையே விரித்துக் காட்டி, பெர்சன்டைல் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

ஒறம்பரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அத்தை மகனுக்கு 91, இவனுக்கு 98 என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சு வந்தால், அது இரண்டு பிள்ளைகளுக்கும் பல வருஷம் கூடவே வரும். பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. நாம் வீட்டுக்குள் பிளக்ஸ் கட்ட வேண்டாம். அப்புச்சியும் அம்மாயியும் ஆசையாகக் கேட்டால், “நல்லாப் பண்ணியிருக்கா, கணக்குன்னா உசுரு” என்று சொல்லுங்கள்.

சரிங்க, ரிப்போர்ட் வந்தாச்சு. நாளைக்கு என்ன பண்றது?

வகுப்பு டீச்சரைப் பாருங்கள். ரிப்போர்ட்டை மேசையில் வைத்து ‘என் பிள்ளை மீத்திறன் பிள்ளை’ என்று தொடங்கினால், நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் அவருக்குச் சலிப்புதான் வரும். சின்னதாக ஒன்று கேளுங்கள்: அடுத்த பாடம் தொடங்கும் முன், அந்தப் பாடத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சியை இவளுக்கு முதலிலேயே கொடுத்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் செய்துவிட்டால், அந்த வாரம் முழுக்க அதே கணக்கைப் போடச் சொல்லாமல் வேறு வேலை கொடுக்க முடியுமா? அந்த வேறு வேலையை நீங்களே ஒரு நோட்டில் தயார் செய்து கொடுத்தனுப்பினால், டீச்சர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

தெரிந்த கணக்கை இன்னும் பத்துப் பக்கம் போடச் சொல்வது தண்டனை. தெரியாத ஒன்றைக் கொடுங்கள். லீவு நாளில் கோயம்புத்தூர் மண்டல அறிவியல் மையத்துக்கோ காஸ் வன அருங்காட்சியகத்துக்கோ ஒரு நாள் கூட்டிப்போங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும்போது, அவள் கையில் காசைக் கொடுத்து அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, பாம்பு பற்றிய படப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, எதை எடுத்தாள் என்று மட்டும் கவனித்து வையுங்கள்.

ரிப்போர்ட்டை எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

பள்ளி முடியும் வரை. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். தேர்வின் பெயர், எந்தப் பதிப்பு, எந்த மொழி, பிள்ளையின் வயது வருஷம் மாதத்தோடு, தேதி என இந்த ஐந்தும் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பின்னாலேயே ஒரு வெள்ளைத் தாள் வைத்து, அன்றைக்குப் பிள்ளை எப்படி இருந்தாள் என்று உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள். ‘காய்ச்சல் விட்டு ரெண்டாம் நாள்’ என்று ஒரு அம்மா எழுதி வைத்திருந்தார். மூன்று வருஷம் கழித்து அடுத்த ரிப்போர்ட்டை அதனோடு ஒப்பிட்டபோது எனக்கு முதலில் உதவியது அந்த ஒரு வரிதான்.